துபாசியின் பெயர்: முத்துக்குளித்துறை மொழிபெயர்ப்பாளர்களின் கூட்டுப்பணியும் (1542–1586) இன்றைய தொழில்முறைச் சங்க நெறிகளும்

ஆய்வுச் சுருக்கம்

மொழிபெயர்ப்பாளர்க்கும் உரைபெயர்ப்பாளர்க்குமான தொழில்முறைச் சங்கம் இருபதாம் நூற்றாண்டின் அமைப்பாகும். ஆயினும் அத்தகைய சங்கங்கள் தம் கடமைகளாகக் கொள்ளும் சொல் வரையறை, பயிற்சி, மேலாய்வு, மறைகாப்பு, பெயர்ச்சான்று ஆகிய ஐந்தும் குலசேகரன்பட்டினத்தை உள்ளடக்கிய முத்துக்குளித்துறைக் கடற்கரையில் பதினாறாம் நூற்றாண்டிலேயே நடைமுறைச் சிக்கல்களாக எழுந்தன. முதல் நான்கிற்கும் அக்காலத்தவர் ஒருவாறு விடை கண்டனர். ஐந்தாவதாகிய பெயர்ச்சான்றில் தவறினர். சவேரியாரின் மடல்கள், அண்டிரிக் அடிகளாரின் பணிகள், 1554 முதல் 1586 வரை வெளிவந்த அச்சு நூல்கள் ஆகியவற்றை அடிப்படையாகக் கொண்டு இக்கட்டுரை இக்கருத்தை விளக்குகிறது. அத்தவறு தமிழ் அச்சு வரலாற்றை நாம் எழுதும் முறையையும், இன்றைய மொழிபெயர்ப்பாளர் சங்கங்கள் முதலில் மேற்கொள்ளவேண்டிய பணியையும் எவ்வாறு பாதிக்கிறது என்பதையும் ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: துபாசி, உரைபெயர்ப்பு, முத்துக்குளித்துறை, மணப்பாடு, புன்னைக்காயல், அண்டிரிக் அடிகளார், தம்பிரான் வணக்கம், தொழில்முறைச் சங்கம்.

முன்னுரை

1544ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் புன்னைக்காயல் பகுதியில் தங்கியிருந்த பிரான்சிசு சவேரியார், தம் உடன்பணியாளர் மான்சிலாசுக்கு ஒரு மடல் எழுதினார். தமக்கு உரைபெயர்த்துவந்த அந்தோணியோ மணப்பாட்டில் நோயுற்றிருப்பதாகவும், துபாசி இன்றி மக்களிடையே தாம் தனியே உலவுவதாகவும் அதில் தெரிவிக்கிறார். மக்கள் சொல்வது தமக்கும், தாம் சொல்வது மக்களுக்கும் விளங்காத நிலையில் தாம் ஆற்றும் அறவுரை எத்தகையதாயிருக்கும் என்பதை மான்சிலாசே எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார். குழந்தைகளுக்குத் திருமுழுக்களிக்கத் துபாசி வேண்டியதில்லை என்றும், வறியோரின் தேவையைக் கண்ட அளவிலேயே உணர்ந்துகொள்ள முடிகிறது என்றும் அவர் கூறும் செய்தி அம்மடலின் உருக்கமான பகுதியாகும்.

சவேரியாரின் வரலாற்றை எழுதியோர் இம்மடலை அவர்தம் எளிமைக்குச் சான்றாகக் காட்டுவர். மொழிபெயர்ப்பியல் நோக்கில் அது வேறொன்றையும் உணர்த்துகிறது. ஒருவர் நோயுற்றதும் ஒரு கடற்கரை முழுவதிலும் உரையாடல் நின்றுபோகிறது. அந்த ஒருவரைப் பற்றி நமக்குக் கிடைப்பதோ 'அந்தோணியோ' என்னும் திருமுழுக்குப் பெயர் மட்டுமே. அவருடன் சுட்டப்படும் மற்றோர் உரைபெயர்ப்பாளரான ரொட்ரிகோவின் நிலையும் இதுவே.

மணப்பாடு குலசேகரன்பட்டினத்துக்குத் தெற்கே அண்மையில் உள்ள ஊராகும். வடக்கே திருச்செந்தூரையும் காயல்பட்டினத்தையும் கடந்தால் தாமிரபரணி கடலோடு கலக்குமிடத்தில் புன்னைக்காயல் அமைந்துள்ளது. பாண்டியர் பெயர் தாங்கிய பழந்துறையாகிய குலசேகரன்பட்டினம் இவ்விரு ஊர்களுக்கும் இடைப்பட்டது. தமிழின் தொடக்ககால அச்சு மொழிபெயர்ப்புகளுக்கு அடித்தளமான உழைப்பு பெரும்பாலும் இந்தக் கடற்கரையில்தான் நிகழ்ந்தது. அவ்வுழைப்பைத் தனியொருவரின் சாதனையாகக் கொள்ளாமல் ஒரு தொழிற்குழுவின் செயல்பாடாக அணுகுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. துபாசி: சொல்லும் தொழிலும்

இருமொழி அறிந்தவர் எனப் பொருள்படும் வடசொல்லின் வழிவந்தது 'துபாசி'. தமிழ் வழக்கில் 'துப்பாசி' என்றும் அது ஒலிக்கும். பதினாறாம் நூற்றாண்டுப் போர்த்துக்கீசிய ஆவணங்களில் காணப்படும் 'தோபாசு' என்னும் சொல்லை ஆய்வாளர் பலர் இதனோடு தொடர்புபடுத்துவர். காலப்போக்கில் அச்சொல் கலப்பினக் கிறித்தவர்களையும் படைவீரர்களையும் குறிக்கலாயிற்று. ஒரு தொழிலின் பெயர் ஒரு மக்கட்பிரிவின் பெயராக மாறியமை, அத்தொழிலைச் செய்தோர் இரு சமூகங்களுக்கும் இடையே நின்றவர்களாகக் கருதப்பட்டதைக் காட்டுகிறது.

தமிழ் மரபு மொழிபெயர்ப்பை நூலாக்க முறைகளுள் ஒன்றாக முன்பே ஏற்றிருந்தது. தொல்காப்பிய மரபியல் வழிநூலின் நான்கு வகைகளுள் ஒன்றாக மொழிபெயர்ப்பை வைத்துள்ளது. ஆனால் அவ்விலக்கணம் எழுதப்பட்ட நூலைப் பற்றியது. சந்தையிலும் வழக்காடு களத்திலும் கடற்கரையிலும் வாய்மொழியாக நிகழும் உரைபெயர்ப்புக்கு அத்தகைய இலக்கணம் வகுக்கப்படவில்லை. இன்றும் தமிழகப் பொதுவழக்கில் இரு பணிகளையும் 'மொழிபெயர்ப்பாளர்' என்னும் ஒரே சொல்லால் குறிக்கிறோம். ஈழத்து அலுவல் வழக்கில் எழுத்துப்பணி புரிபவரை மொழிபெயர்ப்பாளர் என்றும், வாய்மொழிப்பணி புரிபவரை உரைபெயர்ப்பாளர் என்றும் பிரித்து வழங்குவர். இக்கட்டுரை அவ்வேறுபாட்டைப் பின்பற்றுகிறது.

முத்துக்குளித்துறையில் இத்தொழில் தோன்றியதற்குப் பொருளியற் காரணமும் உண்டு. முத்துக்குளிப்பில் பரதவரும் இசுலாமியரும் ஈடுபட்டனர். பிறமொழி பேசும் வணிகரும் ஆட்சியாளரும் முத்துக்காகவும் வரிக்காகவும் இங்கு வந்தனர். 1530களின் நடுவில் பரதவர் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பை நாடிக் கிறித்தவம் தழுவியபோது அவ்வுடன்பாட்டுக்கு இடைநின்றவர், குதிரை வணிகரான ஜுவான் த குரூசு என்னும் மலையாளக்கரைக் கிறித்தவர் ஆவார். சமயப்பணிக்கு முன்பே வணிகமும் அரசியலும் இருமொழியாளரைச் சார்ந்திருந்தன என்பதை இது புலப்படுத்துகிறது.

2. சொல் வரையறை: 'வேணும்' என்னும் சொல்லின் வரலாறு

1542ஆம் ஆண்டின் பிற்பகுதியில் இக்கடற்கரைக்கு வந்த சவேரியார், இருமொழி அறிந்தோரை ஒருங்கே கூட்டிச் செபங்களைத் தமிழாக்கினார். 1544ஆம் ஆண்டு சனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய மடலில் இம்முயற்சியை அவர் விவரிக்கிறார். தனியொருவரை நம்பாமல் பலரைக் கூட்டி, நாள்பல செலவிட்டு, ஒத்துக்கொண்ட வடிவத்தை மனப்பாடம் செய்துகொண்டு ஊர்தோறும் சென்று ஓதுவித்தமை அதனால் தெரியவருகிறது. ஒரு மொழிபெயர்ப்புக் குழு கூடி உழைத்ததற்கு இக்கடற்கரையில் கிடைக்கும் தொடக்ககாலச் சான்றுகளுள் இது குறிப்பிடத்தக்கது.

அக்குழுவின் வரைவில் ஒரு பிழை இருந்தது. நம்பிக்கை அறிக்கையில் 'நம்புகிறேன்' எனப் பொருள்பட வேண்டிய இடத்தில் 'வேணும்' என்னும் சொல் இடம்பெற்றது. 1544ஆம் ஆண்டையொட்டி மான்சிலாசுக்கு எழுதிய மடலொன்றில் சவேரியார் இதனைச் சுட்டி, 'வேணும்' என்பதற்கு மாற்றாக விசுவாசம் என்னும் சொல்லின் வடிவத்தை வழங்குமாறு அறிவுறுத்துகிறார்.

இப்பிழை எவ்வாறு நேர்ந்திருக்கும்? போர்த்துக்கீசியத்தில் 'நம்புகிறேன்' என்பதற்குரிய 'கிரெயோ' என்பதும் 'விரும்புகிறேன்' என்பதற்குரிய 'கேரோ' என்பதும் கேட்போர் செவிக்கு நெருங்கி ஒலிப்பன. சவேரியாரின் தாய்மொழி பாசுக்கு என்பதையும் இங்குக் கருத்திற்கொள்ள வேண்டும். எனவே இதனை உரைபெயர்ப்பாளரின் அறியாமையாகக் கொள்வதைவிடக் கேட்டலில் நேர்ந்த மயக்கமாகக் கொள்வது பொருந்தும். மேலும் தமிழில் வேண்டுதல் என்பது வழிபாட்டுச் சொல். இறைவனை வேண்டி நிற்றல் என்னும் பொருளில் அதனைப் பயன்படுத்தியவர் தம் மரபின் சமயமொழியிலேயே சிந்தித்திருக்கக்கூடும். இவை ஊகங்களே எனினும், பிழையின் பொறுப்பைப் பெயரறியாத் துபாசியின்மீது மட்டும் ஏற்றுவது பொருந்தாது என்பதைக் காட்டப் போதுமானவை.

பிழை கண்டவிடத்துச் சவேரியார் பின்பற்றிய முறை கவனத்துக்குரியது. ஓர் ஊரில் ஓதப்படும் வடிவத்தை மட்டும் திருத்திக்கொண்டு அவர் அமையவில்லை. மற்றோர் ஊரில் பணிபுரிபவருக்கும் எழுதி, எல்லா ஊர்களிலும் ஒரே சொல் வழங்குமாறு செய்தார். இன்றைய சங்கங்கள் கலைச்சொற் பட்டியல் வெளியிட்டு உறுப்பினர் அனைவரையும் அதனைப் பின்பற்றச் செய்வதும் இந்நெறியின்பாற்பட்டதே.

சொல் வரையறையின் அடுத்த கட்டம் அண்டிரிக் அடிகளாரின் நூல்களில் காணப்படுகிறது. இறைவனைச் சுட்டத் தம்பிரான் என்னும் தமிழ்ச்சொல்லை அவர் ஏற்றார். குருசு, பாதிரி, மிசை முதலியவற்றைப் போர்த்துக்கீசிய வடிவிலேயே கடன்கொண்டார். 1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி இக்கடன்சொற்கள் பலவற்றை நீக்கி வடமொழிச் சார்பான ஆக்கங்களைப் புகுத்தினார். எனினும் கடற்கரை ஊர்களில் குருசு, குருசடி, பாதிரி ஆகியவை இன்றும் வழக்கிலுள்ளன. ஒரு குழு வரையறுத்த சொல் நிலைபெறுவதும் மறைவதும் அதனை நாள்தோறும் ஆளும் மக்களைப் பொறுத்தது என்பதற்கு இது நல்ல சான்றாகும்.

3. பயிற்சி: புன்னைக்காயலில் மொழிக்கல்வி

1520இல் போர்த்துக்கல்லில் பிறந்த ஹென்றீக்கே ஹென்றீக்கஸ் என்னும் அண்டிரிக் அடிகளார் 1546இல் இந்தியா வந்தார். அடுத்த ஆண்டு முதல் முத்துக்குளித்துறையில் பணியாற்றினார். 1549இல் அந்தோணியோ கிரிமினாலி வேதாளையில் கொல்லப்பட்டபின் இக்கடற்கரைப் பணிக்குத் தலைமையேற்றார். 1600இல் மறையும்வரை ஏறத்தாழ அரை நூற்றாண்டு இங்கேயே வாழ்ந்தார்.

தொடக்கத்தில் அவரும் துபாசியையே சார்ந்திருந்தார். பின்னர்த் தமிழை முறையாகக் கற்று, கற்றதைப் பிறர்க்கும் பயன்படுமாறு இலக்கணமாக எழுதினார். ஜுவான் தெ பாரோசு 1540இல் வெளியிட்ட போர்த்துக்கீசிய இலக்கணத்தை அதற்குத் துணையாகக் கொண்டார். கையெழுத்துப் படியாகவே இருந்த இவ்விலக்கணம் லிசுபன் தேசிய நூலகத்தில் உள்ளது. ஜீன் ஹைன், வி.எஸ். ராஜம் ஆகியோரின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2013இல் வெளிவந்தது. பேச்சுத்தமிழின் வடிவங்களைப் பெரிதும் பதிவுசெய்திருப்பதே இதன் தனிச்சிறப்பாகும். நன்னூல் மரபைக் கற்பிப்பது இதன் நோக்கமன்று. கடற்கரை மக்களோடு பேச வருபவருக்கு உதவுவதே நோக்கம். இக்கால வழக்கில் கூறுவதானால் இது உரைபெயர்ப்பாளர்க்கான பயிற்சிக் கையேடு ஆகும்.

கையேட்டோடு ஒழுங்குமுறையும் இருந்தது. இக்கடற்கரையில் பணிபுரியும் குருக்கள் தமக்குள்ளும் தமிழிலேயே பேசவேண்டும் என்றும், போர்த்துக்கீசியத்தில் பேசுபவர் சிறு ஒறுத்தலை ஏற்கவேண்டும் என்றும் அடிகளார் விதி வகுத்தார். மொழியைச் சூழலிற் கற்பிக்கும் முறை இது. ஆனால் இப்பயிற்சி அயல்மொழியார் தமிழ் கற்பதற்கே உரியதாக அமைந்தது. தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட துபாசிகளுக்குப் போர்த்துக்கீசியத்தில் இதற்கு நிகரான முறைப்பயிற்சி அளிக்கப்பட்டதாகச் சான்றுகள் எடுத்துரைப்பதில்லை. பயிற்சி ஒருபக்கச் சாய்வுடையதாக இருந்ததால், காலப்போக்கில் துபாசியின் தேவை குறைந்தது. துபாசியின் தகுதி உயரவில்லை.

இதற்கு விதிவிலக்காகச் சொல்லத்தக்கவர் பேரோ லூயிசு. கொல்லத்தைச் சேர்ந்த அந்தணக் குடும்பத்தில் பிறந்து, இளமையில் சேசுசபையினர்க்கு உரைபெயர்ப்பாளராகப் பணியாற்றிய இவர், 1561இல் அச்சபையில் சேர்ந்தார். 1575இல் குருவானார். இந்தியர்களுள் முதல் சேசுசபைக் குரு இவரே. துபாசி ஒருவர் தம் பெயரோடும் தகுதியோடும் வரலாற்றில் நிலைபெற்றது, அவர் துபாசி நிலையைக் கடந்து குருவான பின்னரே என்பது இங்குச் சிந்திக்கத்தக்கது.

4. மேலாய்வும் மறைகாப்பும்

1578ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள் கொல்லத்தில் அச்சிடப்பட்ட தம்பிரான் வணக்கம் 16 பக்கங்களைக் கொண்டது. தமிழ் எழுத்தில் அச்சாகி இன்று கிடைக்கும் நூல்களுள் இதுவே முதன்மையானது. அச்சுப்பணிக்கு முத்துக்குளித்துறைப் பரதவர் பொருளுதவி செய்தனர். இதன் போர்த்துக்கீசிய முகப்புப் பகுதி, மறைமாவட்ட ஆட்சியாளர், சமய விசாரணையாளர் ஆகியோரின் ஏற்பையும் சபைத் தலைவரின் இசைவையும் குறிப்பிடுகிறது. ஒரு மொழிபெயர்ப்பு பொதுமக்கள் கையில் சேருமுன் பிறரால் ஆராயப்படவேண்டும் என்னும் நெறி அப்பொழுதே நிலவியதை இது காட்டுகிறது. அம்மேலாய்வின் அளவுகோல் சமயக் கோட்பாடே. தமிழ்நடையோ படிப்போர் புரிதலோ அன்று. ஆயினும் மேலாய்வு என்னும் படிநிலை ஒன்று இருந்தது என்பதும், அது முகப்பிலேயே அறிவிக்கப்பட்டது என்பதும் மறுக்கவியலாதவை.

மறைகாப்புச் சிக்கல் இதனினும் நுட்பமானது. ஒப்புரவு என்பது ஒருவர் தம் குற்றங்களைக் குருவிடம் மறைவாக எடுத்துரைப்பது. குருவுக்குத் தமிழ் தெரியாதபோது இடையில் மூன்றாமவர் ஒருவர் தேவைப்படுகிறார். அவரோ அதே கடற்கரையைச் சார்ந்தவர். அதே மக்களோடு உறவும் பகையும் உடையவர். சிற்றூரில் ஒருவர் சொன்ன மறைபொருள் துபாசியின் செவியில் தங்கிவிடும் என்னும் அச்சம் இயல்பானதே. 1580இல் வெளிவந்த 'கொம்பெசியோனாயரு' என்னும் ஒப்புரவு நூல் இச்சூழலில் வைத்து நோக்கத்தக்கது. கேட்கவேண்டிய வினாக்களைத் தமிழிலேயே வரிசைப்படுத்தித் தரும் இந்நூல் கையில் இருந்தால், தமிழில் ஓரளவு பயிற்சி பெற்ற குரு துபாசி இன்றியே ஒப்புரவு கேட்கலாம். அடிகளார் மறைகாப்புச் சிக்கலைத் தீர்த்த வழி, துபாசியை நெறிப்படுத்துவதன்று. துபாசியின் இடத்தில் ஒரு நூலை வைப்பது.

இன்றைய நெறிமுறைகள் வேறு வழியை மேற்கொள்கின்றன. உரைபெயர்ப்பாளரை நீக்காமல் அவரை உறுதிமொழியால் பிணிக்கின்றன. இந்தியாவின் 1969ஆம் ஆண்டு உறுதிமொழிச் சட்டம், சாட்சியிடம் கேட்கப்படும் வினாவையும் அவர் தரும் விடையையும் மொழிபெயர்ப்பவர் உறுதிமொழி ஏற்கவேண்டும் என விதிக்கிறது. குற்றம்சாட்டப்பட்டவருக்கு விளங்காத மொழியில் அமைந்த சாட்சியத்தை அவருக்கு விளங்கும் மொழியில் எடுத்துரைக்கவேண்டும் என்பதும், உரைபெயர்ப்பாளர் உண்மையாகவே பெயர்த்துரைக்கக் கடமைப்பட்டவர் என்பதும் 1973ஆம் ஆண்டு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 279, 282ஆம் பிரிவுகளில் இடம்பெற்றிருந்தன. 2024 சூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் இவை தொடர்கின்றன.

5. பெயர்ச்சான்று: மூன்று முகப்புகள்

இக்கட்டுரையின் மையச் செய்தி மூன்று நூல்களின் முகப்புச் செய்திகளை ஒப்பிடுவதால் விளங்கும்.

முதலாவது, 1554இல் லிசுபனில் வெளிவந்த 'கார்த்தில்யா'. இதில் தமிழ்ச் செபங்கள் உரோமன் எழுத்தில், போர்த்துக்கீசியப் பொருளோடு அச்சிடப்பட்டன. இதன் ஆக்கத்தோடு விசெந்தே தெ நசரேத், ஜோர்ஜே கர்வால்யோ, தோமே த குரூசு என்னும் மூவர் பெயர்கள் இணைந்துள்ளன. போர்த்துக்கீசியப் பெயர் தாங்கிய இம்மூவரும் தமிழ் பேசிய இந்தியர்கள். தமிழ்மொழி முதன்முதலாக அச்சேறிய நூல் மொழிபெயர்ப்பாளர் மூவரின் பெயரோடு வெளிவந்தது.

இரண்டாவது, 1578ஆம் ஆண்டின் தம்பிரான் வணக்கம். இதன் போர்த்துக்கீசிய முகப்புச் செய்தி, அண்டிரிக் அடிகளாரும் மனுவேல் தெ சான் பேத்ரோ என்னும் குருவும் ஆகிய இருவர் இதனைத் தமிழாக்கியதாகக் கூறுகிறது. அதே நூலின் தமிழ்த் தலைப்போ அண்டிரிக் அடிகளாரின் பெயரை மட்டுமே தாங்குகிறது. மொழிபெயர்த்தலைக் குறிக்க அங்குப் 'பிரித்தெழுதுதல்' என்னும் பொருளுடைய வினை ஆளப்பட்டிருப்பதும் குறிப்பிடத்தக்கது. ஒரே நூல், ஒரே நாள். போர்த்துக்கீசியம் படிப்பவருக்கு மொழிபெயர்ப்பாளர் இருவர், தமிழ் படிப்பவருக்கு ஒருவர்.

மூன்றாவது, 1579ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் நாள் கொச்சியில் அச்சான கிரிசித்தியானி வணக்கம். மார்க்கோசு ஜோர்ஜே என்பவரின் போர்த்துக்கீசிய மறைக்கல்வி நூலின் தமிழாக்கமாகிய இதில் மொழிபெயர்ப்பாளராக அண்டிரிக் அடிகளாரின் பெயர் மட்டுமே நிற்கிறது.

மூவர், இருவர், ஒருவர் என இருபத்தைந்து ஆண்டுகளில் பெயர்கள் சுருங்குகின்றன. ஆனால் பணியின் அளவோ பெருகுகிறது. 1586இல் புன்னைக்காயலில் அச்சானதாகக் கருதப்படும் 'பிளோசு சாங்தோரும்' என்னும் அடியார் வரலாறு அறுநூறு பக்கங்களைக் கடந்தது. இத்தகைய நூலை நடை பார்த்தும் படி எடுத்தும் பிழை திருத்தியும் தந்த தமிழறிந்த உதவியாளர்கள் இன்றித் தனியொருவர் முடித்திருக்க இயலாது என்பது உய்த்துணரத்தக்கது. இந்நூலை ச. இராசமாணிக்கம் 1967இல் பதிப்பித்தார். லிசுபன், கொல்லம், கொச்சி நூல்களைத் தமிழாய்வுலகின் கவனத்துக்குக் கொணர்ந்தவர்களுள் தனிநாயகம் அடிகளார் முதன்மையானவர். இவ்விருவரின் உழைப்பால் நூல்கள் மீண்டன. உதவியாளர் பெயர்கள் மீளவில்லை.

இது கிறித்தவ மரபுக்கு மட்டும் உரிய குறை அன்று. சீறாப்புராணம் இயற்ற முனைந்த உமறுப்புலவருக்கு அரபுமூலச் செய்திகளைத் தமிழில் எடுத்துரைத்து உதவியவர் பரங்கிப்பேட்டை லெப்பை அலி ஹாஜியார் என்பது மரபுச் செய்தி. வாய்மொழியாக நிகழ்ந்த அம்மொழிபெயர்ப்பு காப்பியத்தின் அடித்தளமாயிற்று. புலவரையும் புரவலரையும் இலக்கிய வரலாறு நன்கறியும். உரைபெயர்த்தவரை மரபுக்கதையே காத்துவந்துள்ளது.

எதிர்ச்சான்றாக ஆனந்தரங்கப்பிள்ளையைக் காட்டலாம். பதினெட்டாம் நூற்றாண்டுப் புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநரின் தலைமைத் துபாசியாக விளங்கிய அவர், 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பால் பெயர்பெற்றார். இலங்கையில் ஆளுநருக்கு உரைபெயர்த்த மகா முதலியாரும் செல்வாக்கு மிக்கவராயிருந்தார். ஆனால் இவர்களின் பெயர் நிலைத்தது வணிகமும் அதிகாரமும் அவர்களிடம் சேர்ந்திருந்தமையால்தான். மேலும் உரைபெயர்ப்பாளரே வணிகத் தரகராகவும் இருக்கும் நிலை நலமுரண்பாட்டுக்கு இடம்தருவது. பெயர் மறைதலும் அதிகாரம் குவிதலும் ஒரே குறையின் இரு பக்கங்கள். தொழிலுக்குரிய பொதுநெறி இல்லாதபோது உரைபெயர்ப்பாளர் ஒன்று நிழலாகிறார், அன்றேல் தரகராகிறார்.

6. இன்றைய சங்கங்களின் பணி

1953இல் பாரிசில் பன்னாட்டு மொழிபெயர்ப்பாளர் கூட்டமைப்பு தோன்றியது. அதே ஆண்டில் பன்னாட்டுக் கருத்தரங்க உரைபெயர்ப்பாளர் சங்கமும் அமைந்தது. 1976 நவம்பரில் நைரோபியில் கூடிய யுனெசுகோ பொதுமாநாடு மொழிபெயர்ப்பாளர்களின் பாதுகாப்புக்கான பரிந்துரையை ஏற்றது. வெளியிடப்படும் படிகள் அனைத்திலும் மொழிபெயர்ப்பாளர் பெயர் தெளிவாகத் தெரியும் இடத்தில் இடம்பெறவேண்டும் என்பதும், அவர்களின் தொழிற்சங்கங்களை ஊக்குவிக்கவேண்டும் என்பதும், பயிற்சிக்கும் கலைச்சொல்லாக்கத்துக்கும் வழிசெய்யவேண்டும் என்பதும் அதன் கூறுகளாகும். 2017இல் ஐக்கிய நாடுகள் பொதுப்பேரவை செப்டம்பர் 30ஆம் நாளைப் பன்னாட்டு மொழிபெயர்ப்பு நாளாக ஏற்றது. இந்தியாவில் மைசூர் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனத்தின் வழி இயங்கும் தேசிய மொழிபெயர்ப்புத் திட்டம் அறிவுத்துறை நூல்களை இந்திய மொழிகளுக்குக் கொணர்கிறது.

புன்னைக்காயல் குழுவை இச்சங்கங்களோடு முழுமையாக ஒப்பிடுதல் தகாது என்னும் மறுப்பு எழலாம். அக்குழுவில் விருப்பு உறுப்பினர் இல்லை. ஊதிய உரிமை இல்லை. எல்லா முடிவும் சமயத் தலைமையின் கீழ் அமைந்தது. இம்மறுப்பு ஏற்கத்தக்கதே. அதனாலேயே ஒப்பீடு பயனுடையதாகிறது. சொல் வரையறை, பயிற்சி, மேலாய்வு, மறைகாப்பு ஆகியன பணி செம்மையாக நடைபெறத் தலைமைக்குத் தேவையானவை. ஆகவே தலைமையே அவற்றை ஏற்படுத்தியது. பெயர்ச்சான்று மொழிபெயர்ப்பாளர்க்கு மட்டுமே தேவையானது. அதைக் கேட்கத் தமக்கென ஓர் அமைப்பு அவர்களிடம் இல்லாமையால் அது கைவிடப்பட்டது. சங்கம் எதற்கு என்னும் வினாவுக்கு இக்கடற்கரை வரலாறு தரும் விடை இது.

இவ்விடையின் தேவை இன்று குலசேகரன்பட்டினத்துக்கே நேரடியாக உரியது. இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் இரண்டாவது ஏவுதளத்துக்கு இவ்வூரில் 2024 பிப்ரவரி 28ஆம் நாள் அடிக்கல் நாட்டப்பட்டது. இத்தகைய பெருந்திட்டங்களைப் பற்றிய தொழில்நுட்ப ஆவணங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உருவாகின்றன. அவற்றின் விளைவு கடலோடிகளின் அன்றாட வாழ்வைத் தொடுகிறது. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு குறித்த 2006ஆம் ஆண்டு அறிவிக்கை, பொதுமக்கள் கருத்துக்கேட்புக்குரிய திட்டங்களில் அறிக்கையின் சுருக்கம் உள்ளூர் மொழியிலும் தரப்படவேண்டும் என்கிறது. 2020இல் புதிய வரைவு அறிவிக்கை வெளிவந்தபோது, அதனை எட்டாம் அட்டவணை மொழிகள் அனைத்திலும் பெயர்த்து வெளியிடுமாறு தில்லி உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. மொழிபெயர்ப்பு என்பது சலுகையன்று, கருத்துரிமையின் முன்தேவை என்னும் நிலைப்பாடு இதில் அடங்கியுள்ளது.

கடலில் கலன் செல்லத்தகாத எல்லை, நாள், நேரம் ஆகியவற்றைக் குறிக்கும் ஓர் அறிவிப்பில் ஒரு சொல் மயங்கினால், 'வேணும்' என்னும் சொல்லால் நேர்ந்ததைவிட உடனடியான தீங்கு நேரக்கூடும். அவ்வறிவிப்பைத் தமிழாக்கியவர் யார் என்பது தெரிந்தால் மட்டுமே ஐயத்தைக் கேட்கவும் பிழையைத் திருத்தவும் இயலும். பெயர்ச்சான்று புகழுக்காக மட்டுமன்று, பொறுப்புக்காகவும் வேண்டப்படுவது. சவேரியார் 'வேணும்' என்பதைத் திருத்த முடிந்தது, யாருக்கு எழுதவேண்டும் என்பதை அவர் அறிந்திருந்ததனால்தான்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

முத்துக்குளித்துறையில் 1542 முதல் 1586 வரை நிகழ்ந்த மொழிபெயர்ப்பு, தனிமனிதப் பணியாக அன்றிக் குழுப்பணியாகவே நடைபெற்றது. தமிழ் அச்சு வரலாற்றை அண்டிரிக் அடிகளாரின் வரலாறாக மட்டும் எழுதுவது அவர் நூலின் போர்த்துக்கீசிய முகப்பே தரும் சான்றுக்கு மாறானது.

தொழில்முறைச் சங்கங்களின் ஐந்து கடமைகளுள் நான்கு, அப்பணியை ஏவிய தலைமையாலேயே இங்கு நிறைவேற்றப்பட்டன. ஐந்தாவதாகிய பெயர்ச்சான்று, மொழிபெயர்ப்பாளர் தாமே ஒருங்கிணைந்தாலன்றிக் கிட்டாது.

ஆய்வாளர் செய்யத்தக்க பணியும் இதனுள் அடங்கும். நூற்பட்டியல்களிலும் பாடத்திட்டங்களிலும் தம்பிரான் வணக்கத்தைக் குறிப்பிடும்போது மனுவேல் தெ சான் பேத்ரோவின் பெயரையும், கார்த்தில்யாவைக் குறிப்பிடும்போது மூவர் பெயரையும் சேர்த்தெழுதுதல் எளிதே. சவேரியார் மடல்களைப் பயிற்றுவிக்கும்போது அந்தோணியோவையும் ரொட்ரிகோவையும் பெயர் சுட்டிப் பேசலாம். தமிழகக் கடற்கரையில் எதிர்காலத்தில் அமையும் மொழிபெயர்ப்பாளர் சங்கம் எதுவாயினும், நீதிமன்றத்திலும் மருத்துவமனையிலும் மீன்பிடித் துறையிலும் பெயரின்றி உரைபெயர்த்து வருவோரைப் பதிவுசெய்வதைத் தன் முதற்பணியாகக் கொள்ளவேண்டும். மணப்பாட்டில் நோயுற்றிருந்த துபாசி அதன்பின் என்னவானார் என்பதை வரலாறு எழுதிவைக்கவில்லை. அவருக்குப் பின்வந்தோர் அந்நிலைக்கு ஆளாகாமல் காப்பது நம் கையில் உள்ளது.